மாநிலம் தாண்டி ஓடும் ட்ரக் கம்பெனிக்கு வருடாவருடம் என்னென்ன பதிவு?

கேள்வி சுருக்கமாக இது: "டாலஸில் இருக்கிறோம். மச்சினனும் நானும் சேர்ந்து எல்.எல்.சி. தொடங்கி, 26 அடி பாக்ஸ் ட்ரக் ஒன்றும் ட்ரெய்லரோடு பழைய செமி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். அக்டோபரில் டி.ஓ.டி. எண்ணும் (மத்தியப் போக்குவரத்துத் துறை கம்பெனிக்குத் தரும் அடையாள எண்) எம்.சி. அதாரிட்டியும் (மாநிலம் தாண்டி வாடகைக்குச் சரக்கு ஏற்றும் அனுமதி) வந்தன. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. யு.சி.ஆர். (கம்பெனியின் வருடப் பதிவுக் கட்டணம்) கட்டு, எம்.சி.எஸ். 150 (கம்பெனி விவரப் படிவம்) புதுப்பி, இல்லாவிட்டால் நாளுக்கு 1,000 டாலர் அபராதம் என்று கடிதம் மேல் கடிதம். ஒரே யு.சி.ஆர்.-ஐ இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்கள். இதில் எது நிஜம், எது வருடாவருடம் வரும், யாருக்குக் கட்ட வேண்டும்?"

முதலில் அந்த போன் விஷயத்தை முடித்துவிடுவோம். டி.ஓ.டி. எண் வாங்கும்போது நீங்கள் கொடுத்த முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புதிதாக எண் வாங்குபவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுவதே தொழிலாக இருக்கும் ஏஜென்சிகள் நிறைய. கடிதத்தின் தலையில் கழுகுச் சின்னம் இருக்கும், "போக்குவரத்துத் துறை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே கண்ணுக்கே தெரியாத எழுத்தில் "நாங்கள் அரசு அமைப்பு அல்ல" என்று போட்டிருக்கும். அவர்கள் சொல்லும் சட்டம் பெரும்பாலும் உண்மையானதுதான், அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சட்டம் உண்மை, கேட்கும் தொகை மட்டும் அவர்களே வைத்தது. 46 டாலர் கட்ட வேண்டியதற்கு 200 டாலர் கொடுத்தவர்களையும், காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு படிவத்துக்கு 150 டாலர் அழுதவர்களையும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, "வருடப் பதிவு" என்று ஒரே ஒரு பதிவு இங்கே இல்லை. ஊரில் லாரி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் நேஷனல் பெர்மிட் என்பார்கள். வருடத்துக்கு 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணம் கட்டிவிட்டால் இந்தியா முழுக்க ஓட்டலாம். அப்படி ஒரு சீட்டு இங்கேயும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் யு.சி.ஆர். கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நிஜத்தில் கம்பெனிக்கு ஒரு பதிவு, வண்டியின் பிளேட்டுக்கு ஒன்று, டீசல் வரிக்கு ஒன்று, கனரக வாகன வரி என்று மத்திய அரசுக்கு ஒன்று, போகிற மாநிலத்தைப் பொறுத்து இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலுவலகம். அதைவிடத் தலைவலி, ஒவ்வொன்றின் வருடமும் வேறு வேறு மாதத்தில் தொடங்குகிறது.

யு.சி.ஆர்.-இலிருந்து தொடங்குவோம், உங்கள் கேள்வி அதைப் பற்றித்தானே அதிகம்.

மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் கம்பெனி ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு மாநிலத்தின் வழியாகக் கட்டும் கட்டணம் இது. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரிந்து போகிறது. லாரிகளின் எடை பார்க்கும் வே ஸ்டேஷன் சோதனை, பாதுகாப்பு ஆய்வு மாதிரியான வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஒரு காலத்தில் இது பெரிய கூத்தாக இருந்தது. 1993 வரை, எந்தெந்த மாநிலத்தில் ஓடுகிறீர்களோ அந்தந்த மாநிலத்திடம் தனித்தனியாக ஸ்டாம்ப் வாங்கி ஒரு அட்டையில் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். பிங்கோ அட்டை என்றே அதற்குப் பெயர். 1994-இலிருந்து அதை ஒரே மாநிலத்தில் பதிந்தால் போதும் என்று சுருக்கினார்கள். பிறகு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் யு.சி.ஆர். வந்து, 2007-இலிருந்து பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. இப்போது ஸ்டாம்பும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. ரசீதைக்கூட வண்டியில் வைத்திருக்கத் தேவையில்லை. வே ஸ்டேஷனில் அதிகாரி உங்கள் கதவில் எழுதியிருக்கும் டி.ஓ.டி. எண்ணைத் தட்டினால், இந்த வருடம் கட்டியிருக்கிறதா இல்லையா என்று திரையில் வந்துவிடும். கட்டியிருக்காவிட்டால் அங்கேயே டிக்கெட். சில மாநிலங்களில் கட்டிவிட்டுத்தான் நகரவே விடுவார்கள்.

எவ்வளவு என்பது வண்டி எண்ணிக்கையைப் பொறுத்தது. 2025-க்கு: இரண்டு வண்டி வரை 46 டாலர், மூன்றிலிருந்து ஐந்து வரை 138, ஆறிலிருந்து இருபது வரை 276, 21 முதல் 100 வரை 963. ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் பெரிய கம்பெனி 44,836 டாலர் கட்டுகிறது. இது நேராக ஏறிக்கொண்டே போகும் கட்டணம் என்று நினைக்காதீர்கள். 2010 முதல் 2017 வரை, இரண்டு வண்டி வரையான படி 76 டாலராக இருந்தது. அதிகமாக வசூலானதால் படிப்படியாகக் குறைத்து, 2024-இல் 37 டாலருக்குக் கொண்டு வந்து, மறுபடி ஏற்றினார்கள். வருடாவருடம் கட்டும் முன் அந்த வருடத் தொகையை யு.சி.ஆர். டாட் கவ் என்ற தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுவதும் அங்கேயேதான். பத்து நிமிட வேலை, டி.ஓ.டி. எண்ணும் ஒரு கார்டும் இருந்தால் போதும்.

எண்ணிக்கையில் ட்ரெய்லரைச் சேர்க்காதீர்கள். இழுக்கும் வண்டிதான் கணக்கு. அதாவது உங்களுக்கு இரண்டு, அதனால் 46 டாலர். ட்ரெய்லரையும் சேர்த்து மூன்று என்று போட்டு 138 கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த "இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்கள்" விஷயம். இது ஏமாற்று இல்லை. யு.சி.ஆர். வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருடத்துக்கான பதிவு அக்டோபர் 1 அன்றே திறந்துவிடும், டிசம்பர் 31-க்குள் கட்டிவிட வேண்டும். நீங்கள் அக்டோபரில் அதாரிட்டி வாங்கியதால் இரண்டு வருடமும் ஒன்றாக உங்கள் தலையில் வந்து நிற்கிறது. நடுவில் சேர்ந்தவர்களுக்கு மாதக் கணக்கில் குறைத்து வாங்கும் வழக்கம் கிடையாது. டிசம்பர் 20-ஆம் தேதி முதல் லோடு ஏற்றினாலும் அந்த வருட முழுத் தொகைதான். ஆகவே இன்சூரன்ஸ் வேலை முடிந்து வண்டி நிஜமாக ஓடப்போவதே ஜனவரியில்தான் என்றால், அடுத்த வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். நவம்பரில் மாநிலம் தாண்டி ஒரே ஒரு லோடு ஏற்றினாலும் இரண்டும் கட்ட வேண்டும்.

டெக்சஸ் இந்த ஏற்பாட்டில் இருக்கும் மாநிலம், அதனால் உங்களுக்கு அதுவே தாய் மாநிலம். மொத்தம் 41 மாநிலங்கள் இதில் உண்டு. அரிசோனா, ஃபுளோரிடா, ஹவாய், மேரிலாந்து, நெவாடா, நியூ ஜெர்சி, ஆரெகான், வெர்மான்ட், வயோமிங் ஆகியவை இல்லை, வாஷிங்டன் டி.சி.யும் இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் சிலர் "எங்கள் மாநிலம் சேரவில்லை, எங்களுக்கு யு.சி.ஆர். கிடையாது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தவறு. மாநிலம் சேராவிட்டாலும் கம்பெனி கட்டித்தான் ஆக வேண்டும், சேர்ந்திருக்கும் ஒரு மாநிலத்தைத் தாய் மாநிலமாகத் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும். டொரன்டோவிலிருந்து எல்லை தாண்டி டெட்ராய்ட், பஃபலோ என்று ஓட்டும் தமிழ் ட்ரக்காரர்களுக்கும் இதே கதைதான். மிச்சிகனையோ நியூயார்க்கையோ வைத்துக் கட்டுவார்கள்.

பாக்ஸ் ட்ரக்குக்கு இதெல்லாம் உண்டா என்று மச்சினன் கேட்பார் பாருங்கள். உண்டு. தயாரிப்பாளர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் மொத்த எடைத் தகுதி 10,001 பவுண்டு இருந்தாலே அது வணிக வாகனம். 26 அடி வண்டி பெரும்பாலும் 25,999 அல்லது 26,000 என்று வரும். ஓட்டுவதற்கு சி.டி.எல். என்ற கனரக வாகன உரிமம் வேண்டாம் என்பதற்காகவே அந்த எடையில் செய்கிறார்கள். உரிமத்துக்கு அது சின்ன வண்டி, யு.சி.ஆர்.-க்கு அது ட்ரக். இந்த 26,000 என்ற கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

"எங்கள் வண்டி டெக்சஸைத் தாண்டவே தாண்டாது, அப்போது வேண்டாமே?" என்று அடுத்து கேட்பார்கள். இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். சட்டம் வண்டியைப் பார்ப்பதில்லை, சரக்கைப் பார்க்கிறது. ஹூஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னரை டாலஸில் உள்ள கிடங்குக்குக் கொண்டு போகிறீர்கள். உங்கள் சக்கரம் டெக்சஸ் மண்ணை விட்டு நகரவில்லை. ஆனால் சரக்கு வெளிநாட்டில் புறப்பட்டு, டாலஸில்தான் பயணத்தை முடிக்கிறது. நீங்கள் அந்தப் பயணத்தின் கடைசித் துண்டு. அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். லூசியானாவிலிருந்து வேறொருவர் கொண்டுவந்து இறக்கியதை நீங்கள் ஊருக்குள் கொண்டு சேர்த்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். உள்ளூர் மரக்கடையில் ஏற்றி உள்ளூர் வீட்டில் இறக்குவது மட்டுமே என்றால் வேறு. சந்தேகம் என்றால் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கை எடுத்துப் பாருங்கள், சரக்கு எங்கே புறப்பட்டது என்று தெரியும். 46 டாலருக்காக இதில் வாதாடிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து எம்.சி.எஸ். 150. இது வருடப் பதிவு அல்ல, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கட்டணம் கிடையாது. கம்பெனி முகவரி, வண்டி எத்தனை, ஓட்டுநர் எத்தனை, போன வருடம் எத்தனை மைல் என்று, ட்ரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வுக்குத் தெரிவிக்கும் படிவம், அவ்வளவுதான். எப்போது என்பது உங்கள் டி.ஓ.டி. எண்ணிலேயே இருக்கிறது. கடைசி இலக்கம் மாதம்: 1 என்றால் ஜனவரி, 2 என்றால் பிப்ரவரி, இப்படியே 9 செப்டம்பர், 0 அக்டோபர். நவம்பரும் டிசம்பரும் யாருக்கும் இல்லை. கடைசிக்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படை வருடம், இரட்டைப்படை என்றால் இரட்டைப்படை வருடம். உங்கள் எண் 86-இல் முடிந்தால், இரட்டைப்படை வருடங்களில் ஜூன் மாத முடிவுக்குள். 37-இல் முடிந்தால் ஒற்றைப்படை வருடங்களில் ஜூலைக்குள். போன மாதம்தான் எண் வாங்கினேன் என்றாலும் இந்த அட்டவணைதான். எதுவும் மாறவில்லை என்றாலும் அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாவிட்டால் டி.ஓ.டி. எண்ணை முடக்கிவிடுவார்கள். நாளுக்கு 1,000, மொத்தம் 10,000 டாலர் வரை அபராதம் என்பது சட்டத்தில் இருப்பதுதான், உங்களுக்கு வந்த கடிதம் அந்த வரியைத்தான் சிவப்பில் அச்சடித்திருக்கும்.

இந்தப் படிவத்தில் போடும் வண்டி எண்ணிக்கையும் யு.சி.ஆர்.-இல் போடும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். லோடு பிடித்துத் தரும் புரோக்கருக்குப் பெரிய கம்பெனியாகத் தெரியட்டும் என்று எம்.சி.எஸ். 150-இல் எட்டு வண்டி என்று போட்டுவிட்டு, யு.சி.ஆர்.-இல் இரண்டு என்று கட்டினால், மாநில யு.சி.ஆர். ஆடிட்டுக்காரர்கள் தேடிப் பிடிப்பது சரியாக இந்த மாதிரி முரண்பாட்டைத்தான்.

இதுவரை கம்பெனி. இனி வண்டி. இங்கே உங்கள் இரண்டு ட்ரக்கின் வழியும் பிரிகிறது.

பாக்ஸ் ட்ரக் 26,000 பவுண்டைத் தாண்டாது, இரண்டு ஆக்ஸில். அதற்கு டெக்சஸ் பிளேட் போதும், அந்த பிளேட்டோடு மற்ற மாநிலங்களுக்கும் போகலாம். செமி அப்படி அல்ல. 26,000 பவுண்டுக்கு மேல், அல்லது மூன்று ஆக்ஸிலும் அதற்கு மேலும் என்றால், ஐ.ஆர்.பி. என்ற ஏற்பாட்டின் கீழ் பகிர்வு பிளேட் எடுக்க வேண்டும். டெக்சஸில் அதை டி.எம்.வி. என்ற மோட்டார் வாகனத் துறையின் வட்டார அலுவலகத்தில் எடுப்பீர்கள். 48 மாநிலங்கள், டி.சி., கனடாவின் 10 மாகாணங்கள் இதில் சேர்த்தி. கட்டும் தொகையை, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினீர்களோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கணக்கில் எடுக்கும் மைல், முந்தைய ஜூலை முதல் ஜூன் வரை ஓடியது. புதுக் கம்பெனிக்கு அப்படி ஓடிய கணக்கே இருக்காதே? அதனால் மற்ற வண்டிகள் சராசரியாக எங்கெங்கே ஓடுகின்றன என்ற அட்டவணையை வைத்து முதல் வருடம் போடுவார்கள். நீங்கள் மொன்டானா பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை என்றாலும் மொன்டானாவுக்கு ஒரு சின்னப் பங்கு போகும். பில்லைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், அடுத்த வருடம் உங்கள் சொந்த மைல் கணக்குக்கு வந்துவிடும். கையில் கிடைக்கும் கேப் கார்டு என்ற பதிவுச் சான்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். முடியும் மாதம் அதிலேயே அச்சாகியிருக்கும்.

அந்த பிளேட்டை எடுக்கவோ புதுப்பிக்கவோ போனால் கவுன்டரில் முதலில் கேட்பது 2290 என்ற வரிப் படிவத்தின் முத்திரை வைத்த தாள். 55,000 பவுண்டும் அதற்கு மேலும் பதிவான வண்டிக்கு மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வாங்கும் கனரக வாகன வரி இது. 55,000-க்கு 100 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் பவுண்டுக்கும் 22 டாலர், 75,000-ஐத் தாண்டிவிட்டால் மொத்தமே 550. 80,000 பவுண்டுக்குப் பதியும் உங்கள் செமிக்கு 550 தான். இதன் வருடம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலையில் ஓடிய வண்டிக்கு ஆகஸ்ட் 31-க்குள் கட்ட வேண்டும். நடுவில் ஓட்டத் தொடங்கினால் தொடங்கிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள், மீதி மாதங்களுக்கு மட்டும். யு.சி.ஆர். செய்யாத நியாயத்தை ஐ.ஆர்.எஸ். செய்கிறது என்பது வேடிக்கைதான். இதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண் செல்லாது, கம்பெனிக்கு ஈ.ஐ.என். என்ற வரி எண் வேண்டும். வருடத்தில் 5,000 மைலுக்குள் ஓடும் வண்டி என்றால் வரி இல்லை, ஆனால் படிவம் உண்டு. பாக்ஸ் ட்ரக்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இஃப்டா என்ற டீசல் வரிப் பதிவும் செமிக்கு மட்டும்தான், அதே 26,000 கோடு. டெக்சஸில் இதைப் பார்ப்பது மாநில வரி வசூலைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம். இது என்ன என்பதை ஒரு லோடை வைத்தே சொல்லிவிடலாம். டாலஸில் தொட்டியை நிரப்பிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகிறீர்கள். கலிஃபோர்னியாவுக்குள் மட்டும் 600 மைல் சுற்றுகிறீர்கள், கேலனுக்கு 6 மைல் என்றால் 100 கேலன் அங்கே எரிந்திருக்கிறது. ஆனால் டீசல் வாங்கியது டெக்சஸில். கேலனுக்கு 20 சென்ட் வீதம் 20 டாலர் வரி டெக்சஸுக்குப் போய்விட்டது. கலிஃபோர்னியாவின் டீசல் வரி இதைப்போல் பல மடங்கு. சாலையைத் தேய்த்தது அங்கே, வரி வாங்கியது இங்கே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கணக்கைச் சரிபார்த்து, டெக்சஸிடமிருந்து எடுத்துக் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்து, மிச்ச வித்தியாசத்தை உங்களிடம் வாங்குவதுதான் இஃப்டா. மலிவான மாநிலத்தில் டீசல் போட்டுச் சாமர்த்தியம் காட்டினேன் என்பவர்களுக்கு மூன்று மாதம் கழித்து விடை கிடைக்கும். பம்பில் தெரியும் விலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, வரியைக் கழித்துவிட்டு வரும் விலையைப் பார்க்க வேண்டும்.

உரிமமும் வண்டியின் இரண்டு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கரும் டிசம்பர் 31 வரை செல்லும். புதுப்பித்தவர்களுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்ட பிப்ரவரி முடிவு வரை அவகாசம் உண்டு. கணக்குத் தாக்கல் ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. வண்டி மூன்று மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தாலும் பூஜ்யம் என்று போட்டுத் தாக்கல் செய்யுங்கள். தாமதமானால் 50 டாலர் அல்லது வரியில் பத்து சதவீதம், எது அதிகமோ அது. டீசல் ரசீதையும் மைல் கணக்கையும் நான்கு வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஐ.ஆர்.பி. ஆடிட்டுக்கும் அதே கணக்குதான் வேண்டும், அதனால் இன்னும் கொஞ்ச காலம் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், சில மாநிலங்கள் தனியாகவும் கை நீட்டுகின்றன. டாலஸிலிருந்து மேற்கே போனால் நியூ மெக்சிகோவைத் தாண்டாமல் முடியாது. அங்கே 26,000 பவுண்டுக்கு மேல் எடை-தூர வரி உண்டு, முன்கூட்டியே பெர்மிட் எடுத்து வைக்க வேண்டும். ஆரெகானிலும் அதே எடைக்கு மைல் வரி. கென்டக்கியில் 60,000 பவுண்டிலிருந்து. கனெக்டிகட் 2023 ஜனவரியில் புதிதாக ஒன்றைத் தொடங்கியது. நியூயார்க் மட்டும் 18,000 பவுண்டைத் தாண்டினாலே கேட்கும், அதாவது இஃப்டாவும் ஐ.ஆர்.பி.யும் தொடாத உங்கள் பாக்ஸ் ட்ரக்கையும் அது தொடும். கலிஃபோர்னியாவில் விஷயம் வரி இல்லை, புகை: 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டி எந்த மாநில பிளேட்டாக இருந்தாலும் அங்கே நுழைந்தால் காற்று வாரியத்தில் பதிந்து, வண்டிக்கு வருடம் சுமார் 30 டாலர் கட்டி, புகைச் சோதனையும் காட்ட வேண்டும். பாக்ஸ் ட்ரக் டீசல் என்றால் அதற்கும் சேர்த்துத்தான். போகாத மாநிலத்துக்கு எதுவும் எடுக்க வேண்டாம். "ஐம்பது மாநிலத்துக்கும் சேர்த்து பேக்கேஜ்" என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பணம் கட்டும் பதிவுகள் இவ்வளவு. பணத்தைவிட ஃபைல் முக்கியமாக இருக்கும் சில வருட வேலைகளும் உண்டு. உங்களை முதல் 18 மாதம் புதுக் கம்பெனி என்று கண்காணிப்பில் வைத்திருப்பார்கள், முதல் 12 மாதத்துக்குள் ஒரு பாதுகாப்புத் தணிக்கை வரும் என்பதால் இவை தள்ளிப்போடக்கூடியவை அல்ல. ஒவ்வொரு ட்ரக்குக்கும், ட்ரெய்லருக்கும்கூட, 12 மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்த அறிக்கை இருக்க வேண்டும். ஓட்டுநரின் மோட்டார் வாகனப் பதிவை வருடம் ஒரு முறை எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும், அந்த ஓட்டுநர் நீங்களே என்றாலும். செமியை ஓட்டும் சி.டி.எல். ஓட்டுநருக்குப் போதைப்பொருள் சோதனைத் திட்டம் வேண்டும். சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் தன்னைத் தானே திடீர்ச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாதே, அதனால் பல கம்பெனிகளின் ஓட்டுநர்களைச் சேர்த்துச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் ஒரு கன்சார்டியத்தில் சேர வேண்டும். கிளியரிங்ஹவுஸ் என்ற மத்தியத் தளத்தில் வருடம் ஒரு தடவை அவர் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும், தேடலுக்கு 1.25 டாலர். இந்தச் சோதனைத் திட்டமே இல்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தணிக்கையில் நேராகத் தோல்விதான்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 10,001 பவுண்டுக்கு மேல் சாதாரணச் சரக்கு ஏற்றும் வாடகை வண்டிக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு. புரோக்கர்கள் பெரும்பாலும் பத்து லட்சம் இல்லாமல் லோடு தர மாட்டார்கள். தவணை தவறி இன்சூரன்ஸ் கம்பெனி ரத்து நோட்டீஸ் அனுப்பினால் அது எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வுக்கே போகிறது. 30 நாளில் மாற்று வராவிட்டால் அதாரிட்டி போய்விடும். வருடாந்திர வேலைகளில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். யு.சி.ஆர். மறந்தால் ஒரு டிக்கெட், இது மறந்தால் லோடே இல்லை.

எல்.எல்.சி.க்கு டெக்சஸ் கம்ப்ட்ரோலரிடம் மே 15-க்குள் வருட அறிக்கை ஒன்று போக வேண்டும். உங்கள் அளவுக்கு வரி வராது, அறிக்கை மட்டும். ட்ரக் வேலையில் இதை மறந்து, கம்பெனியையே செல்லாததாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டு, ஜனவரிக்கு முன் வெளி மாநில லோடு இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ப யு.சி.ஆர். ஒரு வருடமோ இரண்டு வருடமோ நேரடியாகக் கட்டுங்கள். டி.ஓ.டி. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து எம்.சி.எஸ். 150 மாதத்தை போன் காலண்டரில் போட்டு வையுங்கள். செமிக்கு 2290 முதலில், பிளேட் அப்புறம், இஃப்டா அதோடு. இந்த வரிசை மாறினால் கவுன்டரிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்கும். பழைய வண்டி வாங்கி 60 நாள் ஆகவில்லை என்றால், முத்திரைத் தாளுக்குப் பதில் விற்பனைப் பத்திரத்தைக் காட்டியும் பிளேட் எடுக்கலாம்.

மச்சினன் மார்ச்சில் மூன்றாவது வண்டி வாங்கலாம் என்கிறாராமே. வாங்கினால் அந்த வண்டிக்கு பிளேட் உடனே வேண்டும், 26,000-க்கு மேல் என்றால் இஃப்டா ஸ்டிக்கரும், 55,000-உம் அதற்கு மேலும் என்றால் 2290-உம். யு.சி.ஆர். மட்டும் அந்த வருடத்துக்குக் கூடுதலாகக் கட்டத் தேவையில்லை. இரண்டு வண்டிக்குச் சரியாகக் கட்டியிருந்தால் அதுவே டிசம்பர் வரை செல்லும், அடுத்த பதிவில் 138 டாலர் படிக்குப் போனால் போதும்.